ருக்காவில் இல்லாத நிமிடங்கள்

தில்லியில் சாலையோரத்தில் பிடிபடும் போதைப்பொருள் வழக்குகள் பெரும்பாலும் ஒரு காகிதத்தில் தொடங்குகின்றன. ருக்கா என்று அதைச் சொல்வார்கள். ஒருவரை நிறுத்திச் சோதித்து, கிடைத்ததை எடைபோட்டு, பொட்டலம் கட்டி, அரக்கு முத்திரை வைத்த பிறகு, உதவி ஆய்வாளர் அங்கேயே நின்று நடந்ததை எழுதிக் காவலர் ஒருவர் கையில் நிலையத்துக்குக் கொடுத்தனுப்புவார். அதை வைத்துத்தான் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். வழக்கு எண்ணும் அப்போதுதான் கிடைக்கும். அப்படியென்றால் ருக்கா கிளம்பும் முன்பே எழுதி முடித்த கைப்பற்றுதல் மகஜரில் அந்த எண் இருக்க வழியே இல்லை. பல வழக்குகளில் இருக்கிறது. அதே மையில், அதே கையெழுத்தில், தாளின் தலைப்பிலேயே இருக்கிறது. மகஜர் சாலையில் எழுதப்படவில்லை, அல்லது எண் பிறகு சேர்க்கப்பட்டது; இரண்டில் எது உண்மையானாலும் காவல்துறையின் கதை பலவீனப்படுகிறது என்று தில்லி உயர்நீதிமன்றம் 1980களிலிருந்தே சில தீர்ப்புகளில் சொல்லி ஆட்களை விடுவித்திருக்கிறது. வழக்கறிஞர்கள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மையின் நிறத்தைப் பார்ப்பது இதனால்தான்.

சட்டம் ஒருவரைக் காப்பாற்றுவது நிமிடங்களை வைத்து. அந்த நிமிடங்களோ, அவரை நிறுத்தியவர் பின்னர் எழுதும் தாளில் மட்டுமே இருக்கின்றன. இது நீண்ட நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஜனக்புரியில் இதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது எளிதல்ல. இந்தப் பக்கம் மெட்ரோவின் நீலப் பாதையும் மெஜெந்தா பாதையும் சந்திக்கும் நிலையம், டிஸ்ட்ரிக்ட் சென்டரின் அலுவலகக் கட்டடங்கள், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. அந்தப் பக்கம் சில கிலோமீட்டர் போனால் ஜெயில் ரோடு, அதைத் தாண்டித் திகார். மத்திய அரசு வேலைக்கு வந்து இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏ பிளாக்கிலிருந்து டி பிளாக் வரை பரவியிருக்கின்றன. பேருந்திலும் ஆட்டோவிலும் போகும்போது ஜன்னலுக்கு வெளியே வந்துபோகும் மதில்தான் அவர்களுக்குத் திகார். அதற்குள்ளிருக்கும் விசாரணைக் கைதிகளில் ஒருவன் தங்கள் வீட்டுப் பையனாக இருக்கக்கூடும் என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை. எனக்கும் வெகுகாலம் வரவில்லை.

இப்படி வைத்துக்கொள்வோம். பங்கா ரோட்டில், இரவு பத்தரை மணி. தில்லி போலீஸ் என்று எழுதிய மஞ்சள் தடுப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நாக்கா போட்டிருக்கிறார்கள். இருபத்துநான்கு வயதுப் பையன் ஸ்கூட்டரில் வருகிறான். தலைக்கவசம் இருக்கிறது, வேகமும் இல்லை. கையைக் காட்டி நிறுத்துகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி சீருடையில் இருக்கும் காவலர் உரிமத்தைக் கேட்கலாம், கேட்கிறார். செல்போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டுகிறான். சரியாக இருக்கிறது. அதோடு அந்தச் சட்டம் கொடுத்த வேலை முடிந்தது. ஆனால், "டிக்கி கோலோ, பேட்டா" என்கிறார் காவலர். டிக்கிக்குள் புகைக்கும் களிமண் சிலிம் ஒன்று, சுருட்டும் தாள் ஒரு கட்டு, மடித்த பிளாஸ்டிக் உறையில் கொஞ்சம் தழை.

முதலில் அந்தச் சிலிமைப் பார்ப்போம். அமெரிக்காவில் புகைக்கும் குழாயையோ தராசையோ உறையையோ வைத்திருப்பதே பல மாநிலங்களில் தனிக்குற்றம். 1979இல் அந்நாட்டுப் போதைத் தடுப்பு நிர்வாகத்துக்காக ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. மாநிலம் மாநிலமாக அதை எடுத்துக்கொண்டார்கள். குழாயில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், எதற்கு வைத்திருந்தாய் என்பதை வைத்தே அங்கே வழக்கு போட முடியும். நம் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம் அந்த வழியில் போகவில்லை. அதில் குற்றம் பொருளைச் சார்ந்தது: கஞ்சா, சரஸ், ஹெராயின், அபின். கருவியும் பாத்திரமும் 60ஆம் பிரிவில் வருகின்றன. குற்றம் நடந்திருந்தால் அதற்குப் பயன்பட்டவற்றைப் பறிமுதல் செய்யலாம், அவ்வளவுதான். வெறும் சிலிமுக்குத் தண்டனை சொல்லும் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே பையனின் வழக்கறிஞர் முதலில் பிரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான். சிலிமும் தாளும் மகஜரில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டாலும், வழக்கு நிற்பது அந்த உறையில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதில்.

அந்தத் தழையிலும் கேள்வி உண்டு. சட்டத்தின் இலக்கணப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. வட இந்தியாவில் பாங்கு அரைத்துக் குடிப்பது இந்த இடைவெளியில்தான். ஆய்வக அறிக்கை "கஞ்சா" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், நுனி இருந்ததா, எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்க இடமிருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு. ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாது, ஜாமீன் கிடைப்பதே அரிது.

இதெல்லாம் பொருளைப் பற்றிய வாதம். நிறுத்தியதே சரியா என்ற வாதம்தான் கடினமானது. நம் நீதிமன்றங்கள் அதில் போன பாதையும் நேரானதல்ல.

50ஆம் பிரிவு சொல்வது இது: ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், அருகிலுள்ள அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையிலோ நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையிலோ சோதனையைக் கோரும் உரிமை அவருக்கு இருக்கிறது. பஞ்சாப் மாநிலம் எதிர் பல்தேவ் சிங் வழக்கில் 1999இல் ஐந்து நீதிபதிகள், அந்த உரிமை இருப்பதை அவரிடம் சொல்லியே தீரவேண்டும், சொல்லாமல் எடுத்ததை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது என்றார்கள். 2010இல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கு அதை இன்னும் இறுக்கியது: பெயருக்குச் சொன்னால் போதாது, சட்டம் சொன்னபடியே சொல்ல வேண்டும். ஆனால் 2005இல் பவன்குமார் வழக்கில் நீதிமன்றம் பையையும் உடலையும் பிரித்துவிட்டது. கையிலிருக்கும் பை உடலல்ல. அதைத் திறக்க 50ஆம் பிரிவு வேண்டாம். 2023இல் ரஞ்சன்குமார் சட்டா வழக்கில் அது மீண்டும் உறுதியானது. நம் பையனுக்கு இதனால் பயனில்லை. அவன் சட்டைப்பையில் இருந்திருந்தால் ஒரு சட்டம், ஒரு முழம் தள்ளி டிக்கியில் இருந்ததால் வேறு சட்டம்.

இங்கேதான் 'தற்செயல்' என்ற வாதம் நுழைகிறது. 1994இல் பஞ்சாப் மாநிலம் எதிர் பல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: காவலர் வேறொரு வேலையாக, வழக்கமான சோதனையில் இருக்கும்போது எதிர்பாராமல் போதைப்பொருள் கிடைத்தால், அதுவரை நடந்ததற்கு இந்தச் சிறப்புப் பாதுகாப்புகள் பொருந்தா, சந்தேகம் எழுந்த கணத்திலிருந்துதான் பொருந்தும். வாசிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தேகம் எந்தக் கணத்தில் எழுந்தது? தடுப்புக்கு அருகே வந்தபோதா, உரிமத்தைக் காட்டியபோதா, பையனின் முகம் வெளிறியபோதா, டிக்கி திறந்த பிறகா? அதை எழுதுபவர் அதே அதிகாரி. போக்குவரத்துக்காகத்தான் நிறுத்தினேன் என்று அவர் எழுதினால் அது தற்செயல். துப்பு கிடைத்து நிறுத்தினேன் என்று எழுதினால் 42ஆம் பிரிவு வந்துவிடும்: துப்பை எழுத்தில் பதிய வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும், சோதிப்பவர் கான்ஸ்டபிள் நிலைக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். எது வசதியோ அதை எழுத ருக்காவில் இடமிருக்கிறது.

இதைத் தடுக்கும் ஒரு தீர்ப்பு 2021இல் வந்தது, பூட்டா சிங் எதிர் ஹரியானா மாநிலம். ஜீப்பில் மூட்டைகள் இருந்தன. பொது இடத்தில்தான் பிடித்தோம், ஆகவே எழுத்துப் பதிவு கேட்காத 43ஆம் பிரிவே போதும் என்றது காவல்துறை. தனியாருக்குச் சொந்தமான வண்டி பொதுவழியில் நிற்பதால் மட்டும் பொது இடமாகிவிடாது என்றது உச்ச நீதிமன்றம். 42ஆம் பிரிவைப் பின்பற்றாததால் அவர்களை விடுவித்தது. பங்கா ரோட்டு ஸ்கூட்டருக்கு இந்தத் தீர்ப்பு நெருக்கமானது. வழக்கறிஞருக்கு நேரமும் மனமும் இருந்தால் இதைக் கையிலெடுப்பார்.

ஆனாலும் நம்மிடம் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சோதனையே சட்டவிரோதம் என்று நிரூபித்தாலும், கிடைத்த பொருள் சாட்சியமாக நிற்கும் என்பதுதான் இந்தியாவின் பொது விதி. 1973இல் பூரன்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது அது. 1954ஆம் ஆண்டின் எம்.பி. சர்மா வழக்கில், அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம் போன்ற ஒன்று நம் அரசமைப்பில் இல்லை, அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக இங்கே கொண்டுவர முடியாது என்று நீதிமன்றம் கூறியிருந்தது. பூரன்மல் அதன் மேல்தான் நின்றது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்து, எம்.பி. சர்மா தீர்ப்பின் அந்தப் பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். அஸ்திவாரத்தை எடுத்துவிட்டார்கள், மேலே கட்டிய வீடு மட்டும் அப்படியே நிற்கிறது. இந்த முரண்பாட்டை எடுத்துவைக்க வேண்டிய இடம் நம் பையனுடையதைப் போன்ற வழக்குதான் என்று நினைக்கிறேன். பெரிய கடத்தல் வழக்குகளில் நீதிபதியின் கண்ணுக்கு மூட்டைகள்தாம் முதலில் தெரியும். சிறு வழக்கில்தான் உரிமையைத் தனியாகப் பார்க்க முடியும்.

நிமிடங்களை எண்ணிப் பார்த்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு. 2012 மார்ச்சில், நெப்ராஸ்காவில், நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் ரோட்ரிகஸ் என்பவரின் வண்டி சாலை ஓரத்தைத் தொட்டுத் திரும்பியதற்காக நிறுத்தப்பட்டது. காவலர் ஆவணங்களைப் பார்த்தார், எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்தது. பிறகு மோப்ப நாயைச் சுற்றவிட அனுமதி கேட்டார், ரோட்ரிகஸ் மறுத்தார். இன்னொரு காவலர் வரும்வரை நிறுத்திவைத்தார்கள். சீட்டுக் கொடுத்ததற்கும் நாய் அடையாளம் காட்டியதற்கும் இடையே ஏழெட்டு நிமிடம். போதைப்பொருள் இருந்தது, உண்மைதான். ஆனாலும் 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், போக்குவரத்துக்காக நிறுத்தியவரை அந்த வேலை முடிந்த பின் வேறு சந்தேகமின்றி ஒரு கணமும் பிடித்துவைக்கக் கூடாது என்றது. அமெரிக்கா இதில் தூய்மையான நாடு என்று நான் சொல்ல வரவில்லை. சிறு போக்குவரத்து மீறலைச் சாக்காக வைத்து நிறுத்துவது செல்லும் என்று அதே நீதிமன்றம் 1996இல் சொல்லியிருக்கிறது. அதன் சுமை அங்கே யார் தலையில் விழுகிறது என்பதும் உலகறிந்தது. ஆனால் ஏழெட்டு நிமிடம் அங்கே நீதிமன்றத்தின் கேள்வியாக ஆனது. இங்கே உரிமம் சரியாக இருந்ததற்கும் டிக்கி திறந்ததற்கும் இடையே போன நிமிடங்களைப் பற்றி ருக்காவில் ஒரு வரியும் இருக்காது.

அதில் தவறாமல் இருக்கும் வரி வேறு. வழியில் போன நாலைந்து பேரைச் சாட்சியாக வரச்சொன்னதாகவும், அவர்கள் பெயரும் முகவரியும் சொல்லாமல் ஏதோ அவசரம் என்று போய்விட்டதாகவும் ஒரு வரி. தில்லி வழக்குக் கட்டுகளைப் படித்தவர்களுக்கு அது மனப்பாடம். மெட்ரோ தூண்களுக்குக் கீழே, இரவு பத்தரைக்கும் மோமோ வண்டியும் மருந்துக்கடையும் ஆட்டோக்காரர்களும் இருக்கும் ஜனக்புரியில், ஒருவர்கூடப் பெயர் சொல்லவில்லை என்பதை நீதிமன்றம் வழக்கமென்று ஏற்றுக்கொண்டிருந்த காலம் நீண்டது. 2024 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில் இதை நேராகக் கேட்டது. பொது இடத்தில் நடந்த சோதனைக்கு வெளிச்சாட்சியும் இல்லை, படப்பதிவும் இல்லை என்றால், எல்லார் கையிலும் கேமரா இருக்கும் இந்தக் காலத்தில் அந்தக் கதையைச் சந்தேகிக்க இடமுண்டு என்ற பொருளில் அது பேசியது.

சாட்சியம் இல்லாமல் ஒரு பொட்டலத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் 2023இல் நடந்ததைப் பாருங்கள். ஒரு பெண்ணின் ஸ்கூட்டரிலும் பையிலும் எல்எஸ்டி வில்லைகள் கிடைத்ததாகச் சொல்லி அவரைச் சிறைவைத்தார்கள். 72 நாள் இருந்தார். ஆய்வகம் சோதித்தபோது அவை எல்எஸ்டியே அல்ல. வேண்டுமென்றே யாரோ வைத்துவிட்டுத் தகவல் கொடுத்திருக்கிறார்கள். அவர் வெளியே வந்தார். ஆனால் அந்த 72 நாளில் அவர் ஊரும் தொழிலும் அவரை என்னவாகப் பார்த்திருக்கும்! கெட்ட எண்ணத்தோடு பொய்த்தகவல் கொடுத்தவருக்கு இரண்டாண்டு வரை தண்டனை சொல்லும் உட்பிரிவு போதைப்பொருள் சட்டத்தின் 58ஆம் பிரிவில் இருக்கிறது. அதே 58, நியாயமான சந்தேகமின்றி வண்டியைச் சோதிக்கும், தேவையில்லாமல் ஒருவரைப் பிடித்துவைக்கும் அதிகாரிக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. 1985லிருந்து அந்தப் பிரிவு இருக்கிறது. அதில் ஒரு அதிகாரி தண்டிக்கப்பட்டதாக நான் படித்ததில்லை.

கைப்பற்றிய பிறகும் பொருள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். தில்லியில் அது போய்ச்சேரும் இடம், காவல்நிலையத்தின் பொருள்வைப்பு அறையான மால்கானா. அதைப் பதிவேட்டில் எழுதியது யார், முத்திரை யாரிடம் இருந்தது, மாதிரி ஆய்வகத்துக்குப் போக எத்தனை நாள் ஆனது என்று ஒவ்வொரு கண்ணியும் கேள்விக்குரியது. நடுவர் முன்னிலையில்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்று 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம், அதில் நேரும் தாமதம் மட்டுமே ஜாமீனுக்குக் காரணமாகாது என்று சற்றுத் தளர்த்தியது. 2023இல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கொன்றில் இருவர் விடுதலையானார்கள். சேமித்துவைத்த கஞ்சாவில் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டதாகக் காவல்துறை சொன்னது. ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருவரும் 2020லிருந்து வழக்கில் இருந்தவர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் இதைப் பேசினால், "கஞ்சா கேஸ் போட்டுடுவாங்கப்பா" என்பதை மிரட்டலாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம், ஆட்டோ ஓட்டுநரிடம், காதலித்து ஓடிய பையனிடம் அந்தச் சொல் வீசப்படுவது அங்கே பழக்கமாகிவிட்டது. நம் மொழியில் ஒரு சட்டப்பிரிவே வசவாக மாறியிருப்பது எவ்வளவு பெரிய அவமானம்! தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு என்ற வழக்கு அந்த மண்ணிலிருந்துதான் தில்லிக்குப் போனது. 2004இல் சென்னையில் கைதானவர்; அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் வழக்கின் முதுகெலும்பு. போதைத் தடுப்பு அதிகாரியும் காவல்துறை அதிகாரியே, அவரிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு வந்தது. இடையே போனது பதினாறு ஆண்டு.

போதை பொய்யென்று நான் சொல்லவில்லை. மேற்கு தில்லியில் ஸ்மேக் என்னும் மட்டமான ஹெராயின் என்ன செய்திருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் கஞ்சா, பாங்கு வகையைப் பயன்படுத்துகிறார்கள் என்றது. அத்தனை பேரையும் நாக்காவில் பிடிக்க முடியாது. பிடிபடுபவர் யார் என்பதைத் தடுப்பு எங்கே வைக்கப்படுகிறது, கை யாரை நோக்கி நீளுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. சிகிச்சைக்குத் தானே முன்வரும் அடிமைக்கு, சிறு அளவு வழக்கில் விலக்குத் தரும் 64ஏ பிரிவும் இதே சட்டத்தில் இருக்கிறது. நிலையத்தில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சிறு அளவு வழக்கில் பையனுக்குப் பெரும்பாலும் ஜாமீன் கிடைத்துவிடும். அதன் பிறகுதான் உண்மையான சோதனை வருகிறது. தேதிமேல் தேதி விழும். குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு இன்றே போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு. அம்மாவும் அதையே சொல்வாள்: "கட்டிட்டு வந்துடு கண்ணா, போதும்." அதில் கையெழுத்திட்டதும் நிறுத்தம் சரியா என்ற கேள்வி அடைபட்டுவிடும், வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போது அவன் தண்டிக்கப்பட்டவன். எதிர்த்து நிற்கச் சொல்வது எனக்கு எளிது, வாய்தாவுக்கு அலையப்போவது அவன் குடும்பம். ஆனாலும் நிற்கச் சொல்வேன்.

நிற்பதென்றால் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை இருக்கின்றன. கடைகளின் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அவற்றைப் பாதுகாக்கக் கோரி நீதிமன்றத்தில் உடனே மனு கொடுக்க வேண்டும். சோதித்த அதிகாரிகளின் செல்போன் அந்நேரம் எந்தக் கோபுரத்தில் இருந்தது என்ற பதிவைக் கேட்கலாம். துப்புக் கொடுத்தவரின் எண்ணை மறைத்து அதைத் தரலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது. நிலையத்தின் நாட்குறிப்பில் நாக்கா போடப் புறப்பட்ட நேரம் இருக்கும். அதை ருக்காவின் நேரத்தோடும், ருக்காவை மகஜரின் எண்ணோடும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி–ஒளியாகப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. இது பெரிய மாற்றம். நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பிரிவு பதிவுசெய்யச் சொல்வது சோதனையை. பையனை நிறுத்திய காரணமும், உரிமத்தைப் பார்த்து முடித்த நேரமும், டிக்கியைத் திறக்கச் சொன்ன குரலும் சோதனைக்கு முந்தியவை. உறை வெளியே வந்த பிறகு செல்போனை எடுத்துப் பதிவைத் தொடங்கினால், அந்தப் படம் ருக்கா சொன்னதைத்தான் திரும்பச் சொல்லும். கையைக் காட்டி வண்டியை நிறுத்தும் கணத்திலிருந்தே பதிவு ஓட வேண்டும் என்ற ஒரு வரி அந்த விதிகளில் சேர வேண்டும். அது சேரும்வரை, குறுக்கு விசாரணையில் அதிகாரியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பொட்டலத்தை எப்போது எடுத்தீர்கள் என்பதல்ல. உரிமம் சரியாக இருந்தது என்று தெரிந்த பிறகும் அந்தப் பையனை ஏன் போகவிடவில்லை என்பது.